ஐந்து மார்க் கதவு

பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதுகிறவர்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை முடிந்த மத்தியானம், தேரிக்காட்டிலிருந்து செம்மண்ணை அள்ளி வந்த காற்று தேரிப்பட்டணத்துப் பள்ளிக்கூட வாசலில் நின்ற எல்லார் தலையிலும் ஒரே நிறத்தைப் பூசிக்கொண்டிருக்க, எழுதிவிட்டு வந்தவர்கள் யாரும் வீட்டுக்குப் போகாமல் சைக்கிள் கொட்டகை நிழலில் கூடி நின்றார்கள். இந்தத் தடவையும் தவறிவிடுவோமோ என்று நகத்தைக் கடிக்கிற பிள்ளைகள் அதில் இருந்தார்கள், லோடு ஆட்டோ ஓட்டுகிற நயினார் இருந்தார், மாமியார் கையிலிருந்து குழந்தையை வாங்கி அங்கேயே பால் கொடுக்க உட்கார்ந்துவிட்ட ஒருத்தி இருந்தாள், பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிற வடிவும் இருந்தாள்.

"இலக்கணங்கூடப் பரவாயில்லக்கா, அந்த பேசேஜ்தான் கழுத்தறுத்துட்டு," என்றாள் ஜெனிட்டா. மற்ற பாடமெல்லாம் பாஸாகி இங்கிலீஷில் மட்டும் தவறியவள். டியூட்டோரியலில் வடிவுக்குப் பக்கத்தில் உட்காருகிற சின்னப்பிள்ளை. "அந்தக் கடைசிக் கேள்வி, அஞ்சு மார்க்கு, யாராவது எழுதுனீங்களா?"

அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசத்தான் எல்லாரும் நின்றார்கள். எலன் என்று ஒரு பெண், எங்கேயோ தூரதேசத்தில் மழை பெய்கிற ஒரு சாயங்காலம், வீட்டில் தனியாக இருக்கிறாள், யாரோ கதவைத் தட்டுகிறார்கள், எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கையை வைக்கிறாள், ஆனால் திறக்கவில்லை. அத்தோடு பேசேஜ் முடிந்துபோனது. அவள் ஏன் திறக்கவில்லை, ஐந்து வாக்கியத்தில் எழுது என்று கேட்டிருந்தார்கள்.

"திருடன்னு நெனச்சிருப்பா," என்றார் நயினார். "நான் அப்படித்தான் எழுதுனேன். தீஃப்புக்கு ஸ்பெல்லிங் ரெண்டு விதமா வந்துது, ரெண்டையும் எழுதிட்டேன். ஏதாவது ஒண்ணு சரியா இருக்கும்லா."

"பிள்ள அப்பத்தான் கண்ணசந்திருக்கும், தாழ்ப்பாள் சத்தத்துல முழிச்சிரும்னு எழுதுனேன்," என்றாள் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள். அடுப்பில் பால் பொங்கியிருக்கும் என்றார் டீக்கடை வைத்திருக்கிறவர். காது கேட்டிருக்காது என்று ஒருவன் சொல்ல, காது கேக்காதவ எதுக்குல எந்திரிச்சுப் போயித் தாழ்ப்பாள்ல கைய வைக்கா என்று இன்னொருவன் அவன் மண்டையில் தட்டினான். "மழையில கதவு உப்பிப் போச்சு, இழுத்தும் வரலன்னு நான் எழுதுனேன்" என்று ஜெனிட்டா சொன்னதும், அதுதான் சரியான விடை என்பதுபோல எல்லாரும் ஒரு பெருமூச்சு விட்டார்கள்.

"நீங்க என்னக்கா எழுதுனீங்க?"

"பிகாஸ்," என்றாள் வடிவு.

"பிகாஸ்? பெறவு?"

"பிகாஸ் மட்டுந்தான். மணி அடிச்சிட்டு."

கொட்டகையே சிரித்தது. வடிவும் சிரித்தாள். விடை தெரியாமல் அவள் அந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. அந்தக் கேள்விக்கு அந்த ஹாலில் விடை தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது, அந்த விடை தொண்டை வரைக்கும் நிறைந்து நின்றது, அதை இங்கிலீஷில் எப்படி இறக்கி வைப்பதென்றுதான் தெரியவில்லை.

ஏனென்றால் அந்தக் கேள்வியை அந்த ஊர் அவளிடம் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் புருஷன் திருப்பூருக்குப் போகிறேன் என்று போனவன், அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்தி, அது கசந்த பிறகு ஒரு நாள் உச்சி வெயிலில் சூட்கேஸோடு வந்து வாசலில் நின்று கதவைத் தட்டினான். அவன் பக்கத்து ஆட்களும், தெருவில் இருந்த பெண்களும், சும்மா போனவர்களும் கூட வந்து கூடிவிட்டார்கள். வடிவு உள்ளே தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் தட்டினான், கூப்பிட்டான், அழுதான், ஏசினான், அவள் திறக்கவில்லை. கடைசியில் அவன் போய்விட்டான். அன்றையிலிருந்து, வந்த புருஷனுக்குக் கதவைத் திறக்காதவள் என்று அவளுக்கு ஒரு பெயர் ஆகிவிட்டது. கல்யாண வீடுகளுக்கு அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஏன் தெறக்கல, ஏன் தெறக்கல என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்டார்கள், பதிலுக்காக யாரும் நிற்கவில்லை. அவளும் யாருக்கும் சொல்லவில்லை. பங்கில் வேலைக்குச் சேர்ந்தாள், அங்கே பெட்ரோல் போட வந்த ஒரு பஸ்ஸில் காக்கிச் சேலை கட்டிய பெண் கண்டக்டரைப் பார்த்தாள், பத்தாவது பாஸானால்தான் அந்த லைசென்ஸ் வாங்க முடியும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள், அன்றைக்குச் சாயங்காலமே டியூட்டோரியலில் போய்ச் சேர்ந்தாள்.

பரீட்சைக்கு மறுநாள் விடிந்தபோது, மேல ரத வீதியும் வடக்கு ரத வீதியும் சேருகிற முக்கில் அந்தக் கதவு நின்றது. நிலையோடு கூடிய பச்சை வர்ணக் கதவு. பின்பக்கம் சுற்றிப் போனால் வீடில்லை, சுவரில்லை, எதிர்த்த பாத்திரக்கடைதான் தெரிந்தது. கதவுக்கு முன்னால், ஓர் ஆள் நிற்கிற அளவு இடத்தில் மட்டும், விடாமல் மழை பெய்துகொண்டிருந்தது. முதலில் தட்டியது பால்காரர். உள்ளிருந்து ஒரு பெண்குரல், யார் அது என்று இங்கிலீஷில் கேட்டது. பால்காரர் நனைந்துபோய், "பால்," என்று சொல்லிவிட்டு, பதில் வராததால், அடுத்த வீட்டுக்குப் போனார்.

தேரிப்பட்டணம் அந்தக் கதவைப் பழகிக்கொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை. அந்த வருஷம் மழை பொய்த்திருந்ததால், அடுத்த நாளே பெண்கள் கதவு முன்னால் குடத்தை வரிசையாக வைத்தார்கள், வரிசையில் சண்டை வந்தது, சண்டையைத் தீர்க்க தெருவுக்கு ஒரு வேளை என்று பேசி முடிவு செய்தார்கள். டவுன் பஸ் டிரைவர்கள் அந்த இடத்தைக் கதவு ஸ்டாப் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மின்வாரியத்து ஆள் வந்து கதவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒயர் எதுவும் உள்ளே போகவில்லை என்று நிம்மதியாகத் திரும்பினார். கட்சிக்காரர்கள் அதன் மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்ட, மழையில் அது ஒட்டவில்லை. இது அம்மன்தான் என்று ஒரு தெருவும் மாதாதான் என்று ஒரு தெருவும் சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு நாள் உள்ளேயிருந்து தும்மல் சத்தம் கேட்டதும் இரண்டு தெருவும் அதை விட்டுவிட்டு, மழையிலேயே கெடக்கா, சளி பிடிச்சிருக்கும் என்று சுக்குக் காப்பி போட்டு வாசற்படியில் வைத்தார்கள். கதவு திறந்து ஒருவரும் பார்க்கவில்லை, டம்ளர் மட்டும் காலியாக இருந்தது.

பரீட்சை எழுதியவர்களுக்கு அவள் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருவராகப் போய், குடத்துக்காரிகளிடம் அனுமதி கேட்டு, மழையில் நின்று, தாங்கள் எழுதியது சரிதானா என்று கேட்டுப் பார்த்தார்கள். நயினார் நனைந்துகொண்டே, "தீஃப்? தீஃப்?" என்று இரண்டு தடவை கேட்டார். டியூட்டோரியலில் இங்கிலீஷ் நடத்துகிற பிரிசில்லா டீச்சரை அழைத்துக்கொண்டு போனார்கள். டீச்சர் பிசிறில்லாத இங்கிலீஷில் கேட்டதும், தயவுசெய்து வீட்டுக்குப் போங்கள் என்று உள்ளிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. டீச்சர் தலையைத் துவட்டிக்கொண்டே, "அவங்க சொல்ல விரும்பல, விடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வடிவு ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு சாயங்காலம், பங்க் வேலை முடிந்து, பெட்ரோல் வாசம் போகாத கையோடு, குடை ஒன்றை விரித்துக்கொண்டு மழைக்குள் போய் நின்றாள். தட்டவில்லை. வாய்க்கு வந்த இங்கிலீஷில் ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"ஐ ஆல்சோ."

பிறகு அந்தக் குரல், கதவுக்கு மிகவும் பக்கத்தில் வந்து, நீயும் என்றால், நீயும் என்ன என்று கேட்டது.

வடிவுக்கு மேற்கொண்டு சொல்லத் தெரியவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்பதற்கு "டுமாரோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, நேராக ஜெனிட்டா வீட்டுக்குப் போனாள்.

"ஏட்டி, எனக்கு ஒரு வாக்கியம் வேணும்."

"எந்தப் பாடத்துலக்கா?"

"பாடத்துல இல்ல. எம் புருஷன் சூட்கேஸோட வந்து நின்னாம்னு சொல்லணும். அதுக்கு என்ன சொல்லுவாவ?"

ஜெனிட்டா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தக் கதையை அவள் ஊரார் சொல்லிக் கேட்டிருக்கிறாள், வடிவு சொல்லிக் கேட்டதில்லை. பிறகு உட்கார்ந்து, அந்த வாக்கியத்தை இருவருமாகக் கட்டினார்கள். மறுநாள் வடிவு அதை மழையில் நின்று சொன்னாள். அதற்கு மறுநாள் அடுத்த வாக்கியம். வெயில் என்பதற்கு ஒரு சொல், கூட்டம் என்பதற்கு ஒரு சொல், வெட்கம் என்பதற்கு ஒரு சொல், வெட்கமில்லாமல் நிற்பது என்பதற்கு வேறொரு சொல் என்று, பங்கில் வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே வாய்க்குள் உருட்டிக்கொண்டு, நேற்று நடந்ததற்கும் இன்று நடப்பதற்கும் வினைச்சொல் எப்படி மாறுகிறது என்று எண்ணெய்க் கறைபடிந்த விரலை மடக்கி மடக்கிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, தப்பாகச் சொன்ன அன்றைக்கு எலன் உள்ளிருந்து புரியவில்லை என்று சொல்ல, சரியாகச் சொன்ன அன்றைக்கு ஆமாம், ஆமாம் என்று சொல்ல, அவள் தன் வாழ்க்கையின் ஒரு மத்தியானத்தை இங்கிலீஷில் கொஞ்சங்கொஞ்சமாகக் கட்டி முடித்தாள். ரிசல்ட் வந்தது. வடிவும் தவறியிருந்தாள், ஜெனிட்டாவும் தவறியிருந்தாள். நயினார், இனி ஜென்மத்துக்கும் அந்த ஹாலுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வடிவு அன்றைக்கும் குடையை எடுத்துக்கொண்டு கதவு முக்குக்குப் போனாள்.

கதவுக்காரி வடிவிடம் மட்டும் பேசுகிறாள் என்ற செய்தி ஊரில் பரவியதும், பல வருஷமாக அவள் வீட்டுப் படி ஏறாதவர்கள் ஏறினார்கள். புருஷனின் பெரியத்தை பேச்சியம்மா, அந்த உச்சி வெயிலில் கூட்டத்துக்கு முன்னால் நின்று சத்தம் போட்டவள், ஒரு தூக்குவாளியில் மீன்குழம்போடு வந்து உட்கார்ந்தாள்.

"பாவம்டி அந்த வெள்ளக்காரி. எந்தப் பாவி வந்து தட்டுனானோ. என்ன பாடுபட்டாளோ, அதான் தெறக்க மாட்டேங்கா. பொம்பளைக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குல்லா. உன்ட்ட என்னடி சொன்னா?"

வடிவு தூக்குவாளியைப் பார்த்தாள்.

"அத்த, அன்னிக்கு என் வாசல்ல நின்னு நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

பேச்சியம்மா சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள். "வெயிலு," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். மீன்குழம்பை வடிவு ஜெனிட்டாவுக்கும் கொடுத்துச் சாப்பிட்டாள். குழம்பின் மேல் அவளுக்குக் கோபமில்லை.

தேர்த் திருவிழா நெருங்கியபோதுதான் பிரச்சினை வந்தது. கதவு நின்ற முக்கில்தான் தேர் திரும்ப வேண்டும். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். தர்மகர்த்தாவும் பாத்திரக்கடை முதலாளியுமான வைகுண்டம், "ஊரே ஒரு கதவுக்காக நிக்க முடியுமா? தெறக்கச் சொல்லுங்க. தெறந்தா உள்ள என்ன இருக்குன்னு பாத்து ஏதாவது செய்யலாம். தெறக்கலன்னா ஜேசிபி வரும், அவ்வளவுதான்," என்றார். மண்டபம் முழுக்கத் தலையசைத்தது. பெண்கள் பக்கத்தில் கடைசியில் நின்ற வடிவு முன்னால் வந்தாள்.

"அவ தெறக்க மாட்டா."

"நீதான் பேசுதியே, தெறக்கச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

வைகுண்டத்துக்கு முகம் சிவந்தது. "சரி, ஏன் தெறக்க மாட்டேங்கான்னாவது கேட்டியா?"

"கேக்கல."

"இத்தன நாளு அங்க நின்னு வேற என்ன கேட்ட?"

"ஏன் தெறக்கலன்னு கேக்கிறதுக்குத்தான் ஊர்ல நெறைய பேரு இருக்கீங்களே, அண்ணாச்சி. தட்டுனவனைப் பாத்து ஏன் போனன்னு ஒருத்தரும் கேக்கல. அவளுக்குத் தெறக்க மனசில்ல. அது அவ வீட்டுக் கதவு. அதுக்கு மேல ஒரு காரணம் வேணும்னா, எனக்குத் தெரியாது, எனக்குத் தேவையும் இல்ல. ஜேசிபி வந்தா நான் கதவுக்கு முன்னால நிப்பேன். மழையில நனையறது எனக்குப் பழகிட்டு."

அவள் எந்தக் கதவைப் பற்றிப் பேசுகிறாள் என்று அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்போது, சின்ன வயதிலிருந்து தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் திருப்புகிற நயினார், தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"சுத்திப் போகலாம்."

"எப்படிவே போகும்? இடம் எங்க இருக்கு?"

"போகும். உங்க கடை முன்னால நீட்டிக்கிட்டு இருக்க தகரக் கொட்டகைய மட்டும் எடுத்துட்டா போகும்."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். வைகுண்டம் சிரிக்கவில்லை, அன்றைக்கு வாக்குக் கொடுக்கவுமில்லை. ஆனால் தேருக்கு முந்தின நாள் அவரே ஏணியைப் போட்டு ஏறி, ஆட்களைத் திட்டிக்கொண்டே, தகரத்தைக் கழற்றி இறக்கினார்.

தேரன்று வடம் பிடித்தபோது வெயில் ஏறியிருந்தது. கீழ ரத வீதியில் கிளம்பி, தெற்கு ரத வீதியில் சுணங்கி, மேல ரத வீதியில் வேகம் பிடித்து, அந்த முக்குக்கு வந்ததும் தேர் நின்றது. பரீட்சையில் தவறியவர்களும் பாஸானவர்களும், குடத்துக்காரிகளும், அம்மன் தெருவும் மாதா தெருவும், டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த டிரைவரும் வடத்தில் கை வைத்தார்கள். நயினார் சக்கரத்தடியில் படுத்து எழுந்து, கட்டையை இடித்து, கையைத் தூக்கினார். தேர் ஒரு முழம் நகர்ந்தது, பச்சைக் கதவின் பக்கமாகச் சாய்ந்தது, கூட்டம் ஓவென்று கத்தியது, சிலர் வடத்தை விட்டுவிட்டு ஓடினார்கள். வடிவு வடத்தை விடவில்லை. அவள் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்து வடத்தைப் பிடித்தது. சுருக்கம் விழுந்த, மீன் வாசம் அடிக்கிற கை. பேச்சியம்மா அவளைத் திரும்பிப் பார்க்காமல், முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் அன்னிக்கு அப்படிச் சத்தம் போட்டிருக்கக் கூடாதுடி. இழு."

இழுத்தார்கள். நயினார் கட்டையை மாற்றி மாற்றிக் கொடுத்தார், சக்கரம் முனகியது, தகரம் எடுத்த இடத்தில் தேரின் தோரணம் பாத்திரக்கடைச் சுவரை உரசிச் சுண்ணாம்பை உதிர்த்தது, இந்தப் பக்கம் கதவின் மழை தேர்க்குதிரையின் மரமுகத்தை நனைத்தது, ஒரு சாண் இடைவெளியில் தேர் அந்தக் கதவைத் தாண்டி, வடக்கு ரத வீதிக்குள் தலையை நீட்டியது.

அடுத்த பரீட்சையில் வடிவு பாஸானதும், எத்தனையோ அலைச்சலுக்குப் பிறகு அவள் காக்கிச் சேலை கட்டி விசில் ஊதியதும், அவளுக்கு மறு வருஷம் கல்யாணப் பத்திரிகைகள் வந்து குவிந்ததும், அவள் தனக்குப் பிடித்த வீட்டுக்கு மட்டும் போய் மற்றதற்குப் போகாமல் இருந்ததும் பின்னால் நடந்தவை. அன்றைக்குச் சாயங்காலம், தேர் நிலைக்குப் போய்ச் சேர்ந்து, கூட்டம் கலைந்து, வீதியெல்லாம் செருப்பும் பூவும் மிதிபட்ட வாழைப்பழத் தோலுமாகக் கிடந்தபோது, வடம் உராய்ந்து தோலுரிந்த உள்ளங்கையோடு அவள் குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் போனாள். ஜெனிட்டா வெளியே, நனையாத இடத்தில், குந்தி உட்கார்ந்திருந்தாள்.

என்ன சத்தம் அது என்று உள்ளிருந்து எலன் கேட்டாள். தரை அதிர்ந்தது, எனக்குப் பயமாக இருந்தது என்றாள்.

வடிவு முன்கூட்டி எந்த வாக்கியத்தையும் தயார் செய்து வரவில்லை. அது தேர் என்றாள். கடவுளின் வண்டி என்றாள். மரத்தால் செய்தது, நான்கு மாடி உயரம், எங்கள் ஊரே சேர்ந்து இழுக்கும் என்றாள்.

அவ்வளவு பெரியதா?

ஆமாம், மிகப் பெரியது.

அவ்வளவு பெரியது என் வீட்டை எப்படித் தாண்டிப் போனது?

வடிவு குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். உள்ளங்கை எரிந்தது. நடந்து முடிந்ததற்கு உரிய வினைச்சொல்லைத் தேடி எடுத்து, அவசரப்படாமல், இங்கிலீஷில் சொன்னாள்.

"நாங்கள் அதைத் திருப்பினோம்."

வெளியே உட்கார்ந்திருந்த ஜெனிட்டா அந்த வாக்கியத்தை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.